மூன்று வெளியூர்ப் பயணங்கள், மூன்று தோல்விகள்

2023-24 பருவத்தில் அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, பிக் டென் கான்ஃபரன்ஸில் 18 ஆட்டங்கள் ஆடி, 15இல் வென்று, 3இல் தோற்றது. தோற்ற மூன்றும் வெளியூர் ஆட்டங்கள். அந்தப் பருவத்தில் நானும் என் கணவரும் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்த வெளியூர் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களும் மூன்றேதான். அவை எவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது தோல்விக்குப் பிறகு, கூடைப்பந்தில் அதுவரை பெரிய அக்கறை காட்டியிராத என் கணவர், "உன் கால் ராசிக்கு எதிரணிக்காரங்க வாசல்லயே டிக்கெட் வாங்கி வச்சுக் காத்திருப்பாங்க" என்றார்.

நாங்கள் இருப்பது அயோவாவின் கிழக்கு விளிம்பில், மிசிசிப்பி ஆற்றின் கரையிலுள்ள டேவன்போர்ட். வடக்கிலிருந்து தெற்கே பாயும் அந்த ஆறு எங்கள் ஊருக்கு முன்னால் மட்டும் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி ஓடும். இங்கிருந்து இன்டர்ஸ்டேட் 80 சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் போனால் அயோவா சிட்டி. கோயம்புத்தூரில் பள்ளி அணிக்காக வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் ஆடிய எனக்கு, ஒரு மணி நேரத் தொலைவில் இப்படி ஓர் அணி இருக்கிறது என்பதை உணரவே பல ஆண்டுகள் ஆயின. 2023 ஏப்ரலில் அந்த அணி தேசிய இறுதி ஆட்டத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தோற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான் பருவச் சீட்டு வாங்கும் எண்ணம் வந்தது. நல்ல வேளை, உடனே வாங்கிவிட்டேன். ஆகஸ்டுக்குள் அவை முழுவதும் விற்றுத் தீர்ந்தன. பெண்கள் அணிக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

கான்ஃபரன்ஸ் என்பது இங்கே கருத்தரங்கு அல்ல. தங்களுக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி. பிக் டென் 1896இல் தொடங்கியது. பெயரில் பத்து இருந்தாலும் அந்தப் பருவத்தில் அதில் 14 பல்கலைக்கழகங்கள் இருந்தன, எண்ணிக்கை கூடியபோதும் பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. மேரிலாந்தையும் நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸையும் விட்டுவிட்டால், மற்ற அரங்குகள் எல்லாமே ஒரு பகல் பொழுதில் காரில் போய்ச் சேரக்கூடியவை. அடுத்த பருவத்திலேயே லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஆரகனும் வாஷிங்டனும் சேர்ந்து எண்ணிக்கை 18 ஆகவிருந்தது. ஆகவே பழைய வரைபடத்தில் காரோட்டிப் பின்தொடரக்கூடிய கடைசிப் பருவம் இதுதான் என்பது எங்களுக்கு முன்பே தெரியும்.

பருவம் தொடங்குவதற்கு முன்பே ஒரு திருவிழா நடந்தது. அக்டோபர் 15 அன்று, கின்னிக் கால்பந்து மைதானத்தின் நடுவில் பலகைத் தரையை விரித்து, திறந்தவெளியில், டிபால் பல்கலைக்கழகத்துடன் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். குளிர்காற்று சுழன்றடித்த அந்தப் பிற்பகலில் 55,646 பேர் வந்திருந்தோம். எங்கள் இருக்கையிலிருந்து பந்து கடுகளவுதான் தெரிந்தது. அதை ஆட்டம் என்பதைவிட, மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளக் கூடிய கூட்டம் என்பதே பொருத்தம்.

உண்மையான ஆட்டங்கள் கார்வர்-ஹாக்ஐ அரங்கத்தில் நடந்தன. 1983இல் திறக்கப்பட்ட இந்த அரங்கத்தை ஒரு குன்றின் சரிவுக்குள் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போனதும் நாம் மேல்விளிம்பில் நிற்போம். அங்கிருந்து தெப்பக்குளத்துப் படிகளில் இறங்குவதைப் போல நான்கு புறமும் இறங்கித்தான் இருக்கைகளை அடைய வேண்டும். குளத்தில் நீர் இருக்க வேண்டிய இடத்தில் ஆடுகளம். ஏறக்குறைய 15,000 பேர் அப்படி இறங்கி உட்கார்ந்து ஒரே நேரத்தில் குரல் எழுப்பினால், அந்த ஒலி வெளியேற வழியில்லாமல் அடியிலேயே சுழலும்.

எனக்குப் பக்கத்து இருக்கை, எழுபதை நெருங்கும் ஒரு பெண்மணியுடையது. அணியின் நட்சத்திர ஆட்டக்காரி கெய்ட்லின் கிளார்க்கின் 22ஆம் எண் சட்டை அணிந்த சிறுமிகள் எங்கு பார்த்தாலும் நிறைந்திருந்த அரங்கில், அவர் சாயம் போன ஒரு மஞ்சள் ஸ்வெட்டரோடு வருவார். பள்ளியில் ஆடியிருக்கிறேன் என்று நான் சொன்னதும், தானும் ஆடியதாகவும், நான்கு ஆண்டுகள் பள்ளி அணியில் இருந்தும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்ததில்லை என்றும் சொன்னார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது அயோவாவின் அறுவர் ஆட்டம். ஓர் அணியில் ஆறு பேர். மூவர் எறிபவர்கள், மூவர் தடுப்பவர்கள். எதிர் எதிர்ப் பாதிகளில் நிற்கும் இவர்கள் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டவும் கூடாது. தடுப்பவர்களாக ஆடியவர்களுக்குப் புள்ளி எடுக்கும் உரிமையே கிடையாது. பெண்களால் முழுக் களமும் ஓட முடியாது என்ற பழைய நினைப்பில் பிறந்த விதிகள் இவை. ஆனால் அந்த நினைப்பை மறந்துவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்ட சிற்றூர்கள், தங்கள் மகள்களின் ஆட்டத்துக்காகக் கடைகளை மூடிவிட்டு டெ மாயினில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போயின. 1968இல் டெனிஸ் லாங் என்ற பள்ளி மாணவி அந்தப் போட்டியின் ஓர் ஆட்டத்தில் 111 புள்ளிகள் எடுத்தார். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸ் அணி, ஆண்களுக்கான தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஆட்டக்காரர் தேர்வில் அவர் பெயரை அழைத்தது. 1993 வரை இந்த ஆட்டம் மாநிலத்தில் உயிரோடு இருந்தது. பெண்கள் கூடைப்பந்துக்குத் திடீரென்று கூட்டம் வந்துவிட்டதாக அந்தக் குளிர்காலத்தில் எழுதியவர்கள் எவரும், என் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். 1985 பிப்ரவரி 3ஆம் தேதி, விவியன் ஸ்டிரிங்கர் பயிற்சியாளராக இருந்தபோது, இதே அரங்கில் ஓஹையோ ஸ்டேட் அணிக்கு எதிரான பெண்கள் ஆட்டத்துக்கு 22,157 பேர் நெருக்கியடித்து வந்தார்கள். படிகளில் உட்கார்ந்து பார்த்தவர்களில் என் பக்கத்து இருக்கைக்காரரும் ஒருவராம்.

முதல் வெளியூர்ப் பயணம் ஓஹையோவின் கொலம்பஸ். அதற்கு ஒரு வாரம் முன்பு, ஜனவரி 13 அன்று, பனிப்புயலுக்கு மறுநாள், வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, இண்டியானாவை 84-57 என்று வென்றதைப் பார்த்துவிட்டு வந்த தெம்பு எங்களிடம் இருந்தது. இண்டியானாபொலிஸ் வழியாகப் போகும்போது ஒரு மணி நேரம் காணாமல் போகும். கிழக்கு நேர மண்டலத்துக்குள் நுழைகிறோம் என்பதைக் கணக்கில் வைக்காமல் கிளம்பியதால் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. மறுநாள், ஜனவரி 21, டிக்கெட் தீர்ந்துபோன அரங்கில் 18,660 பேர். கிளார்க் 45 புள்ளிகள் எடுத்தும், கூடுதல் நேரத்தில் 100-92 என்று ஓஹையோ ஸ்டேட் வென்றது. வெற்றியில் ரசிகர்கள் களத்துக்குள் பாய்ந்து ஓடியபோது, வெளியேறிக்கொண்டிருந்த கிளார்க் மீது ஒருவர் மோத, அவர் தரையில் விழுந்தார். எங்களைச் சுற்றியிருந்த உள்ளூர்க்காரர்களே ஒரு நொடி மௌனமானார்கள். பெரிய காயமில்லை என்பது தெரிந்த பிறகுதான் எங்களுக்குப் பசித்தது.

இரண்டாவது, நெப்ராஸ்காவின் லிங்கன். இன்டர்ஸ்டேட் 80இல் ஏறினால் திருப்பமே இல்லாமல் ஐந்தரை மணி நேரம். வழிநெடுக அறுவடை முடிந்து சொட்டைத் தலையாகக் கிடக்கும் சோள வயல்கள். பிப்ரவரி 11 அன்று, கெல்சி பிளம் தன் கல்லூரிக் காலம் முழுவதிலுமாக எடுத்து 2017இல் விட்டுச்சென்ற 3,527 புள்ளிகள் என்ற பெண்களுக்கான தேசியச் சாதனையைக் கிளார்க் அங்கேயே முறியடிப்பார் என்று நம்பித்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அதற்கு 39 தேவைப்பட்டது. மூன்று கால்பகுதிகளில் 31 வந்துவிட்டது. நான்காம் கால்பகுதியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. அந்தப் பகுதியின் தொடக்கத்தில் 14 புள்ளிகள் பின்தங்கியிருந்த நெப்ராஸ்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் ஷெல்லியின் மூன்று புள்ளி எறிதலோடு 82-79 என்று வென்றது. ஒருவரைத் தடுப்பது எப்படி என்று அந்தப் பத்து நிமிடங்களில் நெப்ராஸ்கா காட்டியதை நான் எங்கள் அணியின் பல வெற்றிகளைவிடக் கூர்ந்து நினைவில் வைத்திருக்கிறேன். நானும் பள்ளியில் தடுப்பு ஆட்டக்காரி. எதிரணியாக இருந்தாலும் அந்த வேலை எனக்குப் புரியும்.

நான்கு நாள் கழித்து, சொந்த அரங்கில் மிச்சிகனுக்கு எதிராக, ஆட்டம் தொடங்கிய இரண்டரை நிமிடத்துக்குள் மிச்சமிருந்த எட்டுப் புள்ளிகளையும் கிளார்க் எடுத்துவிட்டார். கடைசி மூன்று, களத்தின் நடுவிலுள்ள சின்னத்துக்குப் பக்கத்திலிருந்து, வேறு எந்தப் பயிற்சியாளரும் கண்டித்திருக்கக்கூடிய தூரத்திலிருந்து வந்தது. அன்று அவர் எடுத்தவை 49 புள்ளிகள். நான் கத்தியதில் இரண்டு நாள் குரல் இல்லை.

மூன்றாவது, பிப்ரவரி 22, இண்டியானாவின் புளூமிங்டன். அங்குள்ள அசெம்பிளி ஹாலின் இருக்கைகள் சுவரில் சாய்த்த ஏணி போல நிமிர்ந்து நிற்கின்றன. மேல் வரிசையில் எழுந்து நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பயிற்சிக் கால்சட்டைகளில் உள்ளூர் அணி ஓடி வந்ததும் எழுந்த கூச்சல் ஆட்டம் முடியும்வரை அடங்கவில்லை. 86-69. வியாழன் இரவு அது. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் போய், பேசாமல் திரும்பி வந்தோம்.

அதனால்தான் பிப்ரவரி 28 அன்று மினசோட்டாவுக்குப் போகவில்லை. தரையை மேடைபோல உயர்த்திக் கட்டிய அந்தப் பழைய வில்லியம்ஸ் அரங்கத்தைப் பார்க்க ஆசை இருந்தும், கையில் வந்த டிக்கெட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்தே பார்த்தேன். அணி 108-60 என்று வென்றது. கான்சஸின் லினெட் வுடார்ட் எடுத்திருந்த 3,649 புள்ளிகளைக் கிளார்க் அங்கேதான் கடந்தார். வுடார்ட் ஆடிய காலத்தில் பெண்கள் போட்டிகளை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ நடத்தத் தொடங்கியிருக்கவில்லை; அதனாலேயே அவர் எண் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறாமல் இருந்தது. நாலு பேர் முன்னிலையில் அந்தப் பெயர் மறுபடி உச்சரிக்கப்பட்டதுதான், என் கணக்கில், அந்த மாதத்தின் பெரிய செய்தி. மார்ச் 3 அன்று கார்வரில் ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக, ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் பீட் மராவிச் எடுத்திருந்த 3,667 புள்ளிகளைக் கிளார்க் தாண்டியபோது வுடார்ட் அரங்கிலேயே இருந்தார். சாதனை வந்தது, எதிரணியின் தவறுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஓர் ஃப்ரீ த்ரோவில்; முதல் பாதி முடியும் தறுவாயில், ஆரவாரத்துக்குத் தயாராக எழுந்து நின்றவர்கள் மூச்சைப் பிடித்து அமைதி காக்க வேண்டியிருந்தது. 93-83 வெற்றி. ஆனால் கான்ஃபரன்ஸின் பருவப் பட்டத்தை ஓஹையோ ஸ்டேட் அதற்கு முன்பே உறுதி செய்திருந்தது.

எஞ்சியது மின்னியாபொலிஸில் நடந்த கான்ஃபரன்ஸ் கோப்பைப் போட்டி. டிக்கெட்டுகள் பல வாரங்கள் முன்பே எங்களிடம் இருந்தன, கால் ராசிப் பேச்சு அதற்குப் பிறகு வந்தது. வெள்ளி இரவே போய்விட்டோம். நகரத்தின் கட்டிடங்களை இணைக்கும் கண்ணாடி மேம்பாலங்களில் கறுப்பும் மஞ்சளுமாக அயோவாக்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தேநீர்க் கடை வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் எந்த ஊர் என்று கேட்டுப் பேசினார்கள். ஐந்து நாட்களில் 1,09,000 பேருக்கும் மேல் அந்த அரங்குக்கு வந்ததாகப் பின்னர் அறிவித்தார்கள். சனிக்கிழமை மிச்சிகனை 95-68 என்று வென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 10, கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாள். காலை 11 மணி ஆட்டத்துக்கு அரைத் தூக்கத்தில் போய் உட்கார்ந்தோம். எதிரே மீண்டும் நெப்ராஸ்கா. பாதி நேரத்தில் 46-35 என்று பின்தங்கியிருந்தோம், கிளார்க்கின் பெயருக்கு எதிரே 4 புள்ளிகள். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் வாசலை ஒருமுறை பார்த்தார். நான் எழுந்து வெளியே போய், நடைபாதையில் இரண்டு நிமிடம் நின்று, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன்.

மீதி நேரத்திலும் கூடுதல் நேரத்திலுமாகக் கிளார்க் இன்னும் 30 புள்ளிகள் எடுத்தார், ஹானா ஸ்டூல்கி கூடைக்கு அடியில் தன் பங்குக்கு உழைத்தார், 94-89. பயிற்சியாளர் லிசா பிளூடரின் அணிக்கு இது தொடர்ந்து மூன்றாவது கோப்பை. மேலிருந்து காகிதத் துண்டுகள் கொட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் பக்கத்து இருக்கைக்காரரின் செய்தி வந்தது: பாதி நேரத்தில் என்னை நினைத்துத்தான் கவலைப்பட்டாராம்.

திரும்பும் வழியில் அயோவா எல்லைக்குள் வந்த பிறகு, கிளியர் லேக் அருகே இன்டர்ஸ்டேட் 35இலிருந்து விலகி ஏரியின் மேற்குக் கோடிக்குப் போனோம். 1959இல் விமான விபத்தில் இறந்த இசைக்கலைஞர்களை நினைத்து அந்த ஊருக்கு வருபவர்கள் பலர். நாங்கள் தேடியது வென்ச்சுரா என்ற சிற்றூரை. அறுவர் ஆட்டத்தில் 6,736 புள்ளிகள் எடுத்த லின் லாரன்ஸன் 1987 வரை ஆடியது அந்த ஊர்ப் பள்ளிக்காகத்தான். சில தெருக்கள், நீர்க்கரை, ஞாயிறு மாலையின் வெறுமை. நிறுத்தி இறங்குவதற்குக் காரணமான எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தும் இறங்கி, ஏரியைப் பார்த்தபடி ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்தோம். என் கணவர் கைப்பேசியில் ஏதோ வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாஸ் ஏஞ்சலஸ் ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் காட்டுது. அதுக்கும் கார்தானா?" என்றார்.

"நான் வந்தா தோத்துடுவாங்களேன்னு பாக்குறேன்" என்றேன்.

"அதான் இன்னிக்கு ஜெயிச்சுட்டாங்களே" என்று சொல்லிவிட்டு, கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைக் கீழே விட்டார்.