எட்டுப் பேர் படிக்கிற வகுப்புக்கு எதற்குச் சதவீதம்?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் மொத்தமே 8 பிள்ளைகள். அதில் தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பவர்கள் 5 பேர். இதை 62.5 சதவீதம் என்று தாளில் போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருவர், "பக்கத்து ஊரை விட நீங்க கொஞ்சம் டல்லு" என்கிறார். சார், இங்கே ஒரு பிள்ளைதான் 12.5 சதவீதம். தேர்வு அன்றைக்கு ஒருத்தனுக்கு அம்மை போட்டிருந்தால் பள்ளிக்கூடமே கீழே இறங்கிவிடும்.

சரி, வாசிக்காத அந்த மூன்று பேர் யார்? ஒருவன் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன், தை மாசத்துக்கு அப்புறம்தான் சேர்ந்தான், அதற்கு முன்னால் எந்தெந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை நாள் உட்கார்ந்தான் என்பது அவன் அப்பாவுக்கே நினைவில்லை. இன்னொரு பிள்ளையின் அம்மா அப்பா முறுக்குப் போட வெளிமாநிலம் போனவர்கள், பிள்ளை அப்பத்தாவோடு இருக்கிறது, அப்பத்தாவுக்கு முடியாமல் போனால் அன்றைக்குப் பிள்ளைக்கும் லீவு. மூன்றாவது பையன் ஒரு நாள் தவறாமல் வருகிறான், அப்பா நூறு நாள் வேலை, வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், ஆனாலும் எழுத்து பிடிபடவில்லை. அவனை வறுமைக் கணக்கில் சேர்த்துவிட்டு நாம் கையைத் தட்டிக்கொண்டு போய்விட முடியாது, அவனுக்குத் தனியாக ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நன்றாக வாசிக்கிற ஐந்து பேரிலும் இரண்டு பேர் விடியற்காலையில் அம்மாவோடு மல்லிகைப் பூ எடுத்துவிட்டு வருகிற பெண் பிள்ளைகள்தான்.

பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் எல்லாம் இருக்கிறது. சாதிப் பிரிவு, பெற்றோர் தொழில், வருமானம் எல்லாம் டீச்சர்தான் உட்கார்ந்து ஏற்றுகிறார். அந்தக் கட்டங்களை வைத்துப் பார்த்தால் பூ எடுக்கிற பிள்ளையும் வாசிக்காத பையனும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ராத்திரி யாரோடு சாப்பிடுகிறது, எந்த மாசம் ஊரில் இருக்கிறது, இதுதான் எங்கள் ஊரில் படிப்பைத் தீர்மானிக்கிறது, அதற்குக் கட்டம் இல்லை.

ஆசிரியர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர்கள். 30 பேருக்கு ஒருவர் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வகுப்பு ஐந்து ஆச்சே! 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள், ஈராசிரியர் பள்ளிக்கு அது உண்மையிலேயே ஏற்ற முறை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு டீச்சர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டியதுதான். காலை உணவு வந்தது பெரிய உதவி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பூ எடுக்கிற பிள்ளைகள் இப்போது முதல் மணிக்கு முன்னாடியே வந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், இந்த எட்டுப் பேரில் இல்லாத பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு வயதில் எங்கள் ஊரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள், காலையில் தனியார் பள்ளி வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். பணம் புரட்ட முடிந்தவர்கள், ஊரிலேயே நிலையாக இருப்பவர்கள், வீட்டில் யாராவது பாடம் சொல்லித்தர முடிந்தவர்கள், இவர்கள் எல்லாம் முதலிலேயே போன பிறகு மிச்சம் இருப்பவர்களை வைத்து இரண்டு பள்ளியையும் ஒப்பிட்டால் அது எப்படி நியாயம்? ஒரே வீட்டில் பையன் வேனிலும் பெண் நம் பள்ளியிலும் படிப்பதையும் பார்க்கிறேன், அதைப் பற்றிக் கேட்டால், "அவ சூட்டிகையான பிள்ளைண்ணே, எங்கயும் படிச்சிக்கிருவா" என்று சிரிக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இதே வேன் பிள்ளைகளில் பாதி ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் சரி, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சரி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். ஊர்க்காரர்கள் கணக்கில் கெட்டி. அதனால் உயர்நிலைப் பள்ளியில் கூட்டம், தொடக்கப் பள்ளியில் எட்டுப் பேர்.

நிபந்தனையை ஒன்றாம் வகுப்பிலிருந்து என்று மாற்றினால் போன பிள்ளைகள் திரும்பும் என்கிறார் எங்கள் எச்.எம். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அஞ்சு வயசுப் பிள்ளையின் மெடிக்கல் சீட்டை நினைத்து யாரும் வேனை நிறுத்தப் போவதில்லை. மூன்றாவது ஆசிரியர் ஒருவர் வந்தால் நிறுத்துவார்கள். அதைத்தான் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.