நானே அச்சிட்ட பிளாஸ்டிக் ரேசரில் முகச்சவரம்

பிளாஸ்டிக் ரேசர் என்றால் சில நாள் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிவது என்றே பலரும் நினைக்கிறார்கள். இரு பக்கமும் கூருள்ள பழைய பாணி பிளேடைப் பொருத்தி, மூடி, அடித்தட்டு, கைப்பிடி எனத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் ரேசரைப் பிளாஸ்டிக்கில் செய்ய முடியுமா, செய்தால் அது முகத்தில் வைக்கும்படி இருக்குமா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக இருந்தது. வீட்டில் முப்பரிமாண பிரிண்டர் இருக்கிறது. பிளேடு தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கிறது. இருப்பது கோவையில் என்பதால் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. இறங்கிவிட்டேன்.

இப்போது அதில்தான் சவரம் செய்துகொள்கிறேன், நன்றாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் பிளாஸ்டிக்கின் தரமோ கைப்பிடியின் அழகோ அல்ல. மூடி பிளேடை எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு பிளேடைக் குட்டையான இரு ஓரங்களிலும் பிடித்துப் பாருங்கள். கனம் 0.1 மி.மீ. அளவுதான். தட்டையாக இருக்கும்போது துவள்கிறது. அகலவாக்கில் லேசாக வளைத்ததும் நீளவாக்கில் விறைத்துக்கொள்கிறது. கூரைத் தகரத்துக்கு நெளிவு போடுவதும் இதற்காகத்தான். இந்த வகை ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் உயிர்நாடியே இதுதான்: வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தால்தான் வெட்டும் விளிம்பு விறைப்பாக நிற்கும் என்னும் அளவுக்கு மெல்லிய பிளேடு. அவருடைய ரேசர் விற்பனைக்கு வந்த 1903-ஆம் ஆண்டில் 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான் விலைபோயின. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. மூடியும் அடித்தட்டும் சேர்ந்த அந்தச் சிறிய தலைக்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது என்பது நானே ஒன்றை வரைந்தபோதுதான் உறைத்தது.

அடித்தட்டின் மேற்புறம் மேடாக இருக்கும். மூடியின் உட்புறத்தில் அதற்கேற்ற குழிவு இருக்கும். கைப்பிடியை முறுக்கும்போது மூடியின் இரு ஓரங்களும் பிளேடை வெட்டும் விளிம்புக்கு மிக அருகில் அழுத்தி வளைக்கின்றன. உலோகத்தில் இது தானாக நடந்துவிடும். பிளாஸ்டிக்கிலோ மூடியை இழுத்துப் பிடிப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு திருகுதான் என்பதால், நடுப்பகுதி இறுகும்போது இரு முனைகளும் மயிரிழை அளவுக்கு மேலெழும்புகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். முனைப்பக்கத்தில் பிளேடு அதிர்ந்து, முடியை வெட்டாமல் பிய்க்கிறது. முதலில் அச்சிட்ட தலையை முன்கையில் நுரை போட்டு இழுத்துப் பார்த்தபோது நடுவில் வழவழப்பாகவும் இரு ஓரங்களிலும் முடி மிச்சமாகவும் இருந்தது. அதை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. இப்படி ஒரு ரேசரை முயல நினைக்கும் எவரும் முதலில் கையில்தான் பார்க்க வேண்டும்.

மூடியின் கனத்தைக் கூட்டினேன். கனத்தை ஒன்றரை மடங்காக்கினால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது, ஆகவே பலன் உடனே தெரிந்தது. அதற்கு விலையும் உண்டு. தலை தடித்துவிடுவதால் மூக்குக்கு அடியில் நுழைய மறுக்கிறது. எங்கே நிறுத்துவது என்பதை மீசை வைத்திருப்பவரும் வைக்காதவரும் ஒரே மாதிரி முடிவு செய்ய மாட்டார்கள். எனக்கு மீசை உண்டு என்பதால் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

மூடியை எந்தப் பக்கமாக நிறுத்தி அச்சிடுவது என்பது அடுத்த கேள்வி. பிரிண்டர் பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கு மேல் அடுக்காகப் படியவைப்பதால், படுக்க வைத்து அச்சிட்டால் வளைவு முழுவதும் படிக்கட்டாக வருகிறது. அந்தப் படிகளின் மேல் பிளேடு சீராக உட்காராது. குட்டைப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தினால் வளைவு அச்சு அசலாக வருகிறது, ஆனால் திருகு இழுக்கும் விசை அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் விழுகிறது. முறுக்கும்போது ஒரு மூடி நடுவில் இரண்டாகவே விட்டது. வளைவின் துல்லியத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. செங்குத்தாகவே நிறுத்தி, அச்சு வெப்பத்தைச் சற்றுக் கூட்டி, குளிரூட்டும் விசிறியின் வேகத்தைக் குறைத்தேன். அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாகப் பற்றிக்கொண்டன.

மரை விஷயத்தில் எனக்கு வழிகாட்டியவர் எங்கள் பகுதி லேத் பட்டறைக்காரர். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த உடனே, "தம்பி, பிளாஸ்டிக்கில் மரை போட்டால் நிற்காதுங்க. பித்தளை நட்டைச் சூடேற்றி உள்ளே புதைத்துவிடுங்க" என்றார். அப்படியே செய்தேன். இன்றைய உலோக ரேசர்களில் பெரும்பாலும் எம்5, அதாவது 5 மி.மீ. விட்டமுள்ள மரைதான் இருக்கிறது. நானும் அதையே வைத்துக்கொண்டதால் கடையில் வாங்கிய எந்தக் கைப்பிடியையும் என் தலையில் மாட்டிப் பார்க்க முடிந்தது. குறை தலையிலா கைப்பிடியிலா என்று பிரித்தறிய அது பேருதவியாக இருந்தது.

பிளேடின் விளிம்புக்கும் கீழே அடித்தட்டின் ஓரத்தில் தோலைத் தொடும் காப்புப் பட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் ரேசரின் சுபாவத்தைத் தீர்மானிக்கிறது. அரை மி.மீ. அளவில் இருந்தால் சாது. 0.8-ஐத் தாண்டினால் முரடு. வீட்டு பிரிண்டரில் ஒரு அடுக்கின் உயரமே 0.1 அல்லது 0.2 மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். ஓர் அடுக்கு கூடினாலோ குறைந்தாலோ ரேசரின் குணமே மாறிவிடுகிறது. போதாக்குறைக்குத் தட்டில் ஒட்டும் முதல் அடுக்கு எப்போதும் கொஞ்சம் பிதுங்கி வருகிறது. ஆகவே கணினியில் வரைந்த அளவை நம்பாமல், மெக்கானிக்குகள் இடைவெளியை அளக்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை விட்டு நான்கு மூலைகளிலும் அளந்தேன். இறுக்கமாக இருந்த மூலையை 400 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி அளந்து, கடைசியில் எல்லா மூலையிலும் 0.55 செல்லும்படி கொண்டுவந்தேன். இந்த வேலைதான் நேரத்தை விழுங்கியது. சவரத்தில் பலன் தந்ததும் இதுதான்.

பொருளாக முதலில் எடுத்தது பிஎல்ஏ. விறைப்பில் அது நல்ல பிளாஸ்டிக். ஆனால் 60 பாகை செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். கீசர் குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீர் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். தவிர, இறுக்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் பிஎல்ஏ மெல்ல மெல்ல வளைந்து அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் பிஇடிஜிக்கு மாறினேன். அது 80 பாகை வரை தாங்கும், விறைப்பு சற்றுக் குறைவு. மூடியின் கனத்தைக் கூட்டியிருந்தது இங்கேயும் கைகொடுத்தது. எதில் செய்தாலும் சவரம் முடிந்ததும் திருகைத் தளர்த்தி வைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

முகத்துக்குக் கொண்டுபோன நாளில் நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் சிறுவாணிக் குழாயும் உண்டு, போர்வெல் குழாயும் உண்டு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைத் திரித்துவிடும், நுரை எழும்பாது. நுரை சரியில்லை என்றால் ரேசரைக் குறை சொல்வதில் பொருளில்லை. தாடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, பிரஷ்ஷால் வட்டமாகச் சுழற்றி நுரையை ஏற்றினேன். பிளேடு புதியது.

மூடியைக் கன்னத்தில் படியவைத்து, பிளேடு முடியைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கினேன். பிளேடு தோலுக்கு ஏறத்தாழ 30 பாகையில் நிற்கும் இடம் அது. குறுகிய இழுப்பு. உலோக ரேசரில் முடி அறுபடும் சரசரப்பு காதில் தெளிவாக விழும். அந்த ஓசையை வைத்தே கோணம் சரியா என்று தெரிந்துகொள்வேன். பிளாஸ்டிக் அந்த ஓசையை அடக்கிவிடுகிறது. விரல் நுனியில் தெரியும் அதிர்வைத்தான் நம்ப வேண்டியிருந்தது. கன்னத்தில் சிக்கலே இல்லை. தாடை எலும்பின் விளிம்பில் தோலை இன்னொரு கையால் இழுத்துப் பிடித்தேன். கழுத்தில் என் முடி பக்கவாட்டில் வளர்கிறது. அங்கே முதல் சுற்று முடியின் போக்கிலேயே, இரண்டாவது சுற்று குறுக்காக. எதிர்த்திசையில் இழுக்கவில்லை.

கழுவிவிட்டு ஈரமுகத்தில் படிகாரத்தைத் தேய்த்தேன். சவரம் எப்படி இருந்தது என்று படிகாரத்தைவிட நேர்மையாகச் சொல்வது எதுவும் இல்லை. கன்னத்தில் குளிர்ச்சி மட்டும்தான். கழுத்தின் இடப்பக்கம் சுரீரென்றது. ரத்தம் எங்கும் இல்லை, ஆனால் அந்த இடத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரிந்தது.

காரணம் எடை. பித்தளை ரேசரில் அதன் பாரமே வேலை செய்யும். கை திசையைக் காட்டினால் போதும். முழுவதும் பிளாஸ்டிக்கில் செய்த ரேசரைத் தூக்கினால் கையில் ஒன்றும் இல்லாதது போலிருக்கிறது. கை தானாகவே அழுத்தப் பார்க்கிறது. மறுபடி பட்டறைக்குப் போய், 10 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் 80 மி.மீ. துண்டு வெட்டி, ஒரு முனையில் எம்5 மரையுள்ள தண்டைப் பொருத்தி வாங்கி வந்தேன். ஏறத்தாழ 50 கிராம். அதைக் கைப்பிடியின் உள்ளே செருகியதும் கழுத்து எரிச்சல் போய்விட்டது. தலை பிளாஸ்டிக்கில் இருக்கலாம், கைப்பிடியின் உள்ளே இரும்பு இருக்கட்டும் என்பது என் முடிவு.

அடுக்குகளுக்கு நடுவில் உள்ள நுண்ணிய பள்ளங்களில் சோப்பும் முடித்துகளும் தங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூன்று துண்டுகளையும் பிரித்துக் காயவைக்கிறேன். கொதிநீரில் போடக் கூடாது. பிளேடை மாற்றும்போதெல்லாம் மூடியின் நடுப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வெண்கோடு ஒன்று தெரிந்தாலும் அந்த மூடி குப்பைக்குத்தான். புதிதாக அச்சிடப் பிலமென்ட் (பிரிண்டருக்கான பிளாஸ்டிக் இழை) செலவு மிகச் சொற்பம். பயன்படுத்திய பிளேடுகள் ஒரு தகர டப்பாவில் சேர்கின்றன. தூய்மைப் பணியாளர்கள் நம் குப்பையை வெறுங்கையால் பிரிக்கிறார்கள் என்பதால் அதில் சமரசம் கிடையாது.

அண்மையில் சவரம் செய்யத் தொடங்கியிருக்கும் அக்கா மகன், இதே போல ஒன்றைத் தனக்கும் அச்சிட்டுத் தரும்படி கேட்டான். அவனுக்கு என் உலோக ரேசரைத்தான் கொடுத்திருக்கிறேன். கோணமும் அழுத்தமும் கைக்குப் பழகிய பிறகு, 0.4 மி.மீ. இடைவெளியில் அவனுக்கென்று ஒரு தலையைச் சேர்ந்தே வரைவதாகப் பேச்சு.