தடைப்பட்ட பாட்டுகளும் ஒரு வால்வு ரேடியோவும்

போன ஆடியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தின, கண்ணாடிக் குழல் வைத்த பெட்டி) வாங்கினேன். பேர்த்தகடு இல்லை, டயல் கயிறு அறுந்து தொங்கியது, தேக்குப் பெட்டி மட்டும் கல்லு மாதிரி இருந்தது. ஒரு காலத்தில் வானொலியில் போடக்கூடாது என்று ஒதுக்கிவைத்த பாட்டுகளை அந்தக் காலத்துப் பெட்டியிலேயே கேட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை.

முதல் இரண்டு வாரம் ஈயம் பற்றவைக்கிற புகைதான். எடுத்த எடுப்பில் பிளக்கைச் சொருகாமல் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கரண்ட் கொடுத்தேன். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றது, அதாவது உள்ளே எங்கோ ஷார்ட். பவர் பக்கத்துக் கண்டன்சர் உப்பியிருந்தது. அதையும், மெழுகு ஒழுகிக் கிடந்த காகிதக் கண்டன்சர்கள் ஏழையும் மாற்றியபின் பல்பு ஒருதரம் பளிச்சென்று எரிந்து மங்கியது. கொஞ்ச நேரத்தில் வால்வுகளுக்குள் செம்மஞ்சள் கங்கு. வீட்டு வளவு முழுக்கத் தூசி கருகிய வாசனை.

நல்லவேளை, டிரான்ஸ்பார்மர் உள்ள செட். இல்லாத செட் என்றால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்திலேயே (சேசிஸ்) கரண்ட் நிற்கும், வெளியிலிருந்து ஒயர் எதையும் கோக்கவே கூடாது. பின்னால் கிராமபோனுக்கென்று இரண்டு துளை. செல்போனின் இடது வலது இரண்டையும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து அதில் கொடுத்தேன். கேட்டது! கூடவே ஒரு உறுமல். அது இன்னும் போகவில்லை.

பட்டியல் போடுவதுதான் இதைவிடப் பாடு. ஆளுக்கொரு பாட்டைச் சொல்லி 'இது தடை' என்றார்கள். ஆதாரம் கேட்டால் சிரித்தார்கள். அதையெல்லாம் அடித்துவிட்டுப் பார்த்தால், பாட்டைவிடப் பெரிய தடைகள் மிஞ்சின. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்கே இடமில்லை. கட்டைக்கு ஒரு சுரமாக நிற்கும், சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்துக்கு வளையாது என்பது குற்றச்சாட்டு. எழுபதுகளில்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள். எங்கள் பக்கம் திருவிழாவில் ஆர்மோனியக்காரர் வராமல் வள்ளி திருமணம் நாடகம் தொடங்கினதாகச் சரித்திரமே இல்லை! எனவே முதலில் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றைச் செல்போனிலிருந்து போட்டேன். செல்போனில் கீச்சென்று கேட்ட அந்தக் குரல், தேக்குப் பெட்டிக்குள்ளிருந்து வரும்போது அடிவயிற்றோடு வந்தது.

அடுத்தது 1952. ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. நேரத்தை வெட்டினார்கள், படத்தின் பேரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துப் பாட்டை ஒலிபரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற, பாட்டே நின்றுபோனது. ஜனங்கள் ரேடியோ சிலோனுக்கு, அதாவது இலங்கை வானொலிக்கு, திருப்பிக்கொண்டார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியின் பாட்டுச் சேவையாக விவிதபாரதி வந்ததே அந்தக் கூட்டத்தைத் திரும்ப இழுக்கத்தான்.

1976 மே 4 முதல் வானொலியில் இந்திப் பாடகர் கிஷோர் குமார் குரலுக்குத் தடை. நெருக்கடி நிலைக் காலம். அரசின் 20 அம்சத் திட்டப் பிரசாரத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். ஆர்மோனியத்துக்காவது ஒரு சங்கீதக் காரணம் சொன்னார்கள். இது வெறும் வீம்பு. அவர் பாடிய 'ஆராதனா' படப் பாட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

அரசாங்கம்தான் பாட்டைப் பூட்டும் என்றில்லை. பாரதி பாட்டின் ஒலிபரப்பு உரிமை முதலில் ஒரு நகை வியாபாரியிடம், பிறகு எங்கள் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பனிடம் (ஏவிஎம் படக் கம்பெனிக்காரர்) இருந்தது. 1949ல் அவர் அரசுக்கு விட்டுக்கொடுத்தார். இங்கேயே எடுத்த 'நாம் இருவர்' படத்துப் பாரதி பாட்டை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஆயா (பாட்டி) பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கிஷோர் ஓடும்போது டயல் கண்ணாடியை முந்தானையால் துடைத்தவர், சிற்றலை 41 மீட்டர் பக்கம் கையை நிறுத்தினார். உள்ளங்கைச் சூட்டில் அழுக்கு விலகி, சிவப்பாக ஒரு சாந்துப் பொட்டு.

"சிலோனுக்கு வச்ச பொட்டா இருக்கும்ப்பா. எங்க வீட்டுப் பெட்டியிலயும் வச்சிருந்தோம். இருட்டுல முள்ளு தெரியாதுல்ல. திருப்பு, பாப்போம்."

திருப்பினேன். இரைச்சல்தான். மாடியில் ஏரியல் ஒயர் இன்னும் கட்டவில்லை.