டெத் மேக்னெடிக் வந்த வாரம்

"ரசிகர்களுக்கு எதைக் கொடுத்தாலும் குறைதான் சொல்வார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே 2008 செப்டம்பர்தான் ஞாபகம் வரும். அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் வெளிவந்த மாதம். அதன் ஒலியைப் பற்றி அப்போது நடந்த சண்டையில் நானும் ஒரு பக்கம் நின்றவன், இன்றைக்கும் அதே பக்கம்தான். அந்தச் சண்டையைப் பலர் தப்பாகவே நினைவு வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2003-ல் இவர்களின் முந்தைய ஆல்பம் 'செயின்ட் ஆங்கர்' வந்தது. அதற்கு முன்பே பேஸ் கிடார் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் 2001-ல் விலகிவிட்டார், பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீள சிகிச்சைக்குப் போனார், இசைக்குழுவே உடைந்துவிடும் என்ற நிலைமை. தயாரிப்பாளர் பாப் ராக்தான் அந்த ஆல்பத்துக்குப் பேஸ் வாசித்தார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், அந்தக் கோபமும் வலியும் உண்மையானவை என்பதும் தெரியும். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆல்பத்தில் கிடார் தனித்து முழங்கும் சோலோ ஒன்றுகூட இல்லை. கிர்க் ஹேமட் மாதிரி ஒரு கிடார் கலைஞரை வைத்துக்கொண்டு சோலோ இல்லாமல் ஆல்பம்! அப்புறம் அந்த ஸ்னேர் ட்ரம். லார்ஸ் உல்ரிக் அதன் அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால், ஒவ்வொரு அடியும் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி கணீர் கணீரென்று கேட்கும். அதை ரசிக்கிறவர்கள் உண்டு, நான் அவர்களில் ஒருவனில்லை.

ஆகவே அடுத்த ஆல்பத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்தபோது எங்களிடம் இருந்தது சாதாரண ஆவல் கிடையாது. இவர்களுக்குள் அந்தப் பழைய இசை இன்னும் இருக்கிறதா என்ற பயம். அதனால் சின்னச் சின்னச் செய்திகளைக்கூட விடாமல் படித்தோம். 1991-ன் கருப்பு ஆல்பத்திலிருந்து கூடவே இருந்த பாப் ராக் இல்லை, தயாரிப்பாளராக ரிக் ரூபின் வந்திருக்கிறார். 1986-ன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பம் செய்த காலத்து மனநிலைக்குத் திரும்பிப் போய் யோசியுங்கள் என்று அவர் சொன்னதாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோலோக்கள் திரும்பி வருகின்றன, கிடார்கள் பழைய ட்யூனிங்குக்குத் திரும்பிவிட்டன, புதிய பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ முதல் முறையாக இவர்களோடு ஒரு முழு ஆல்பம் வாசிக்கிறார் என்று வரிசையாக நல்ல செய்திகள்.

வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பே பிரான்சில் ஒரு கடை சி.டி.யை விற்க ஆரம்பித்துவிட்டது, அன்றைக்கே இணையம் முழுக்கப் பரவிவிட்டது. 2000-ல் இணையத்தில் பாட்டைப் பகிர வைத்த நாப்ஸ்டர் மீது வழக்குப் போட்டு, பாட்டைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயர்களைக் கொண்டுபோய்க் கொடுத்த குழு இது. அந்த வழக்கின் முகமாக இருந்த லார்ஸே இந்தத் தடவை, பத்து நாள் முன்னால்தானே, பரவாயில்லை என்கிற மாதிரி பேசினார். எங்களுக்கு அது பெரிய ஆறுதல். எட்டு வருடமாக ரசிகர்களுக்கும் அவருக்கும் நடுவில் கிடந்த ஒரு முள் அன்றைக்குக் கொஞ்சம் தளர்ந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

நான் சி.டி. வரும்வரை காத்திருந்தேன். இரவு, ஹெட்போன், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டு இதயத் துடிப்பில் ஆரம்பிக்கும், அப்புறம் கிடார் மெல்ல வரும், பிறகு எல்லாம் சேர்ந்து பாயும். ஏழு நிமிடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்குகளான ரிஃப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திடீரென்று வேகம் மாறி, கிர்க்கின் சோலோ பாய்ந்து வந்தபோது, பள்ளி நாட்களில் முதல் முறை இவர்களைக் கேட்ட அதே ஆள் நான் என்று தோன்றியது.

ஆனால் நான்காவது பாட்டில் காது வலித்தது.

ஒலியைக் குறைத்துப் பார்த்தேன். குறைத்தாலும் ஏதோ ஒன்று கரகரவென்று உறுத்தியது. ட்ரம் அடி விழும் இடத்தில் 'தம்' என்று இறங்க வேண்டிய சத்தம் 'டப்' என்று நசுங்கி வந்தது. ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றைப் போட்டேன். அதிலும் அப்படியே. கணினியில் கோளாறு இருக்கும் என்று சி.டி. ப்ளேயருக்கு மாறினேன், அங்கேயும் அதே கரகரப்பு. மூன்று நாள் இப்படியே போனது. ஆல்பத்தின் மீது தப்பு இருக்கும் என்று என் மனம் ஒப்பவில்லை. இவ்வளவு காத்திருந்து கிடைத்த பொருளை யாருக்குத்தான் குறை சொல்ல மனம் வரும்?

அந்த வார இறுதியில் நண்பன் ஒருவன் கூப்பிட்டான். "டேய், ஹெட்போன் மாத்துறதை நிறுத்து. இங்க வந்து இதக் கேளு." அவன் வீட்டில், பொம்மை கிடாரை வைத்துப் பாட்டோடு சேர்ந்து விளையாடும் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆல்பம் வெளிவந்த அதே சமயத்தில் அதன் எல்லாப் பாட்டுகளும் அந்த விளையாட்டுக்கும் பதிவிறக்கமாக வந்திருந்தன. அவன் விளையாட, நான் சோபாவில் உட்கார்ந்து கேட்டேன். அதே பாட்டு, அதே வாசிப்பு. ஆனால் ஸ்னேர் தனியாகத் துள்ளுகிறது, காலால் அடிக்கும் கிக் ட்ரம் நெஞ்சில் வந்து தட்டுகிறது, ட்ருஹியோவின் பேஸ் எங்கே நடக்கிறது என்று கேட்க முடிகிறது. விலை கொடுத்து வாங்கிய சி.டி.யைவிட ஒரு விளையாட்டுக்குள் இருக்கும் பாட்டு நன்றாக இருக்கிறது! இரண்டு பேரும் வாயடைத்துப் போனோம்.

உலகம் முழுக்க ரசிகர்கள் அந்த வாரம் இதையேதான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள், எங்களைவிட நன்றாக. விளையாட்டிலிருந்து ஒலியைப் பதிவு செய்து, சி.டி.யின் ஒலியோடு பக்கத்தில் வைத்து, இரண்டின் அலைவடிவத்தையும் படமாகப் போட்டார்கள். விளையாட்டின் படத்தில் ட்ரம் அடிகள் ஊசி ஊசியாக எழுந்து நிற்கும். சி.டி.யின் படம் மேலும் கீழும் சீவித் தள்ளிய ஒரு கருப்புச் செங்கல். ஒலி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை எண்ணாகக் காட்டும் ஒரு அளவீடு உண்டு. இவர்களின் 80-களின் ஆல்பங்கள் அதில் பத்தைத் தாண்டும், இந்த சி.டி.க்கு வந்தது 3.

ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது. சி.டி.யில் ஒலிக்கு ஒரு கூரை இருக்கிறது, அதைத் தாண்டி எந்தச் சத்தமும் போக முடியாது. ஒரு பாட்டில் அந்தக் கூரையை முதலில் தொடுவது ட்ரம் அடியின் முதல் நொடித்துணுக்குதான். மொத்தப் பாட்டையும் இன்னும் சத்தமாக்க வேண்டுமென்றால், இந்த உச்சிகளை அமுக்கிவிட்டு மீதி எல்லாவற்றையும் மேலே தூக்க வேண்டும். ஓரளவு அமுக்கினால் காதுக்குத் தெரியாது. எல்லா ராக் ஆல்பத்திலும் செய்வதுதான், பாட்டுக்கு ஒரு இறுக்கம்கூடக் கிடைக்கும். அதற்கு மேலும் தள்ளினால் அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட இடம் கரகரக்கும். இவ்வளவு பாடுபடுவது எதற்கு? இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாக நம் காது நினைக்கும். அதனால் 90-களிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் பக்கத்து ஆல்பத்தைவிடச் சத்தமாக வர வேண்டும் என்று போட்டி போட்டது. விளையாட்டுக்கு இந்தக் கதி நேராமல் போனதற்குக் காரணமும் எளிமையானது. விளையாடுகிறவன் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிடார் மட்டும் நின்றுபோக வேண்டும், மற்றவை ஓட வேண்டும். அதற்காக ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாகக் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் சேர்த்து நசுக்கும் கடைசி வேலைக்கு முன்பே.

பிறகு மனு ஒன்று கிளம்பியது, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து, அதாவது வாத்தியங்களின் ஒலியைப் புதிதாகக் கலந்து, வெளியிடுங்கள் என்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், நானும்தான். மிக்ஸ் முடிந்தபின் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் மாஸ்டரிங் வேலையைச் செய்த டெட் ஜென்சன் ஒரு ரசிகருக்கு எழுதிய மின்னஞ்சல் வெளியே வந்தது. தன்னிடம் வந்து சேரும்போதே மிக்ஸ்கள் அமுக்கப்பட்டுத்தான் இருந்தன என்று அவர் அதில் சொல்லியிருந்தார். லார்ஸ் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. 2008-ல் ஆல்பம் செய்யும் விதம் இதுதான், என் காரில் போட்டுக் கேட்டேன், அட்டகாசமாக இருக்கிறது என்று ஒரு பேட்டியில் சொன்னார். அவரது காரில் நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருக்கும் என்று நம்புகிறேன். இன்ஜின் சத்தத்துக்கும் காற்றுச் சத்தத்துக்கும் நடுவில், எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும் ஒலி சௌகரியம்தான். ஆனால் நாங்கள் எல்லோரும் காரில் கேட்கவில்லையே.

ரசிகர்களுக்குள்ளேயே பெரிய பிளவு இருந்தது. "மெட்டல் என்றால் சத்தமாகத்தான் இருக்கும், பிடிக்காவிட்டால் வேறு எதையாவது கேள்" என்றது ஒரு கூட்டம். இந்த வாதம் என்னை அப்போதும் கோபப்படுத்தியது, இப்போதும் கோபப்படுத்துகிறது. இந்தக் குழுவுக்கு மென்மையின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களின் பெரிய பாட்டுகளை நினைத்துப் பாருங்கள், சுத்தமான கிடாரில் தனியாக ஆரம்பித்து, கேட்கிறவனைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அப்புறம்தான் இடி இறக்குவார்கள். முன்னால் இருந்த அமைதிதான் அந்த இடியைப் பெரிதாக்குகிறது. எல்லாமே உச்சத்தில் இருந்தால் ஏறுவதற்கு இடமேது?

"விற்பனையைப் பார், முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் மட்டும் 4,90,000 பிரதி, பில்போர்டில் முதலிடம்" என்று இன்னொரு கூட்டம் வாயடைக்கப் பார்த்தது. சரி, அந்தப் பிரதிகளில் ஒன்று என்னுடையது. மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலானோர் வாங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பாட்டுகள் மோசமாக இருந்திருந்தால் யாரும் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டிருப்பார்கள்.

ஒலிக்காக இப்படி மெனக்கெடுவது மெட்டாலிகா ரசிகர்களுக்குப் புதிதும் இல்லை. 1986 செப்டம்பர் 27-ல் ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து பேஸ் கலைஞர் க்ளிஃப் பர்ட்டன் இறந்தார். அவருக்குப் பதிலாக வந்த ஜேசன் வாசித்த முதல் முழு ஆல்பம், 1988-ல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. அதில் அவர் பேஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல வருடம் கழித்து ரசிகர்களே அந்தப் பேஸை ஏற்றி, தங்கள் கையால் கலவை செய்து கேட்டார்கள். 2015-ல் மூன்று ரசிகர்கள் 'செயின்ட் ஆங்கர்' முழுவதையும் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார்கள், பிடிக்காத அந்த ஸ்னேர் இல்லாமல். வெறுக்கிற ஆல்பத்துக்கு யார் இவ்வளவு உழைப்பார்கள்?

மறு வெளியீடு உடனே எதுவும் வரவில்லை, சண்டை மெல்ல ஓய்ந்தது. 2009-ல் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' விழாவில் ஜேசனும் ட்ருஹியோவும் ஒரே மேடையில் நின்று இவர்களோடு வாசித்ததைப் பார்த்தபோது, என் கோபம் எல்லாம் அந்த சி.டி.யின் மேல்தான், இந்த மனிதர்கள் மேல் ஒன்றுமே இல்லை என்று எனக்கே தெளிவாகிவிட்டது. பிறகு ஸ்ட்ரீமிங் வந்தது. ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன, ரொம்பச் சத்தமாக மாஸ்டர் செய்ததை அதுவாகவே கீழே இறக்கிவிடும். யார் அதிகச் சத்தம் என்ற அந்தப் போட்டியில் ஜெயித்தவர்களுக்கு இப்போது எந்த லாபமும் இல்லை. நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே இருக்கிறது.

போன வாரம் இந்த ஆல்பத்தின் நான்காவது பாட்டை, 'தி டே தட் நெவர் கம்ஸ்', மறுபடி போட்டேன். அன்றைக்கு என் காது வலித்தது அதில்தான். ஆரம்பத்தில் அந்தச் சுத்தமான கிடார், ஜேம்ஸின் குரல், எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டு அழகாகப் போகிறது. பாதிக்கு மேல் வேகம் பிடித்து, இரண்டு கிடாரும் ஒன்றாகப் பாடி, லார்ஸ் முழு பலத்தோடு இறங்கும் இடம் வந்ததும் என் கை தானாகவே ஒலியைக் குறைக்கப் போய்விட்டது. குறைத்துவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். முடிந்ததும் நண்பனைக் கூப்பிட்டு, அந்தப் பழைய விளையாட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, வா" என்றான்.