ஆரஞ்சு விளக்கைப் பார்த்துப் பயந்த கதை: நெட்வொர்க் லேப் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

டிப்ளமோவில் நெட்வொர்க் லேப் தேர்வன்று எனக்கு வந்த கேள்வி ரொம்பச் சின்னது. இரண்டு பிசியை சுவிட்சில் (பல பிசிகளை இணைக்கும் பெட்டி) இணைத்து, ஐபி முகவரி கொடுத்து, பிங் (ஒன்று மற்றதை எட்டுகிறதா என்ற சோதனை) காட்ட வேண்டும். பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் தின்றேன்.

லேபில் இருந்தது 24 போர்ட் சிஸ்கோ 2960. கேபிளை முதல் போர்ட்டில் செருகியதும் மேலே ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால்தான் சரி என்று மனப்பாடம் செய்திருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிடுங்கி அடுத்த போர்ட்டில் செருகினேன், அங்கேயும் ஆரஞ்சு. பிசி பக்கம் கார்டில் விளக்கு ஜோராக எரிகிறது, பிங் மட்டும் போகவில்லை. கேபிள்தான் கோளாறு என்று முடிவு கட்டி, நன்றாக இருந்த முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ய (பிளக்கை அழுத்திப் பொருத்த) உட்கார்ந்தேன்.

எக்ஸ்டர்னல் சார் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) வந்து நின்றார். "ஏன் தம்பி, விதையை ஊன்றிட்டு முளைச்சுதான்னு தோண்டித் தோண்டிப் பார்க்கிறே? செருகிட்டு கையை எடு." எடுத்தேன். அரை நிமிடத்தில் பச்சை வந்தது.

விஷயம் இதுதான். போர்ட்டில் எதையாவது செருகினால், அதனால் லூப் (டேட்டா சுற்றிச் சுற்றி வரும் வளையம்) உண்டாகுமா என்று சுவிட்சில் ஓடும் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு முதலில் பார்க்கும். லிசனிங் என்ற கட்டம் 15 விநாடி, லேர்னிங் என்ற கட்டம் 15 விநாடி. அந்த 30 விநாடியும் விளக்கு ஆரஞ்சுதான். பிசியின் டேட்டா எதுவும் உள்ளே போகாது. நான் பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது! காத்திருக்கப் பொறுமையில்லை என்றால், பிசி இருக்கும் போர்ட்டில், இந்தக் காத்திருப்பைத் தாண்டவிடும் போர்ட்ஃபாஸ்ட் செட்டிங்கைப் போடலாம். இன்னொரு சுவிட்ச் போகும் போர்ட்டில் மட்டும் போடாதீர்கள், வைவாவில் அங்கேதான் மடக்குவார்கள்.

கேபிள் கேள்விக்கு டி568பி என்ற கம்பி நிற வரிசையைக் கை தானாகப் போடும்வரை பழகுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவே கிராஸ் கேபிள் (இரு முனையிலும் கம்பி வரிசை வேறாக இருப்பது) என்று விடைத்தாளில் எழுதிவிடுங்கள். கேபிள் வகையைத் தானே கண்டு சரிசெய்துகொள்ளும் ஆட்டோ எம்டிஐஎக்ஸ் இருப்பதால் 2960 நேர் கேபிளையும் ஏற்றுக்கொள்ளும் என்பதை வைவாவில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

சுவிட்சின் கன்சோல் போர்ட்டும் பார்க்க மற்ற நெட்வொர்க் போர்ட் (ஆர்ஜே45) மாதிரியே இருக்கும். என் பக்கத்து மேஜைக்காரன் பிசியின் நெட்வொர்க் கேபிளை அதில் செருகிவிட்டு, பிங் வரவில்லை என்று கடைசிவரை புலம்பினான். அது கட்டளை கொடுக்க மட்டும், வேகம் விநாடிக்கு 9600 பிட்.

இன்னொரு பொறி, முந்தைய பேட்ச் விட்டுப்போன செட்டிங். அவர்கள் போர்ட் செக்யூரிட்டி (குறிப்பிட்ட பிசியை மட்டும் அனுமதிக்கும் காவல்) போட்டு சேவ் செய்திருந்தால், உங்கள் பிசியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பொருந்தாமல் போர்ட் எர்-டிசேபிள்டு ஆகி, தானே மூடிக்கொண்டுவிடும். 'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ்' அடித்தால் தெரியும். பழைய மேக்கை நீக்காமல் வெறும் ஷட்டவுன், நோ ஷட்டவுன் கொடுத்தால், எழுந்து மறுபடி விழும். உட்கார்ந்ததும் அனுமதி கேட்டு ஸ்டார்ட்அப் கான்ஃபிகை (சேவ் ஆகியிருக்கும் செட்டிங்கை) அழித்து ரீலோட் செய்வது நல்லது. அதோடு ஃபிளாஷில் இருக்கும் விலான் டேட் (vlan.dat) ஃபைலையும் நீக்குங்கள். அது தனி ஃபைல், விட்டுவிட்டால் பழைய விலான்கள் (சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகள்) அப்படியே நிற்கும்.

கடைசியாக, மேக் டேபிளை (எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில் என்ற பட்டியலை) காட்டச் சொன்னால் முதலில் இரண்டு பிசியிலிருந்தும் பிங் அடித்துவிடுங்கள். பிசியிலிருந்து ஃபிரேம் (டேட்டா துண்டு) வந்தால்தான் சுவிட்ச் முகவரியைக் கற்றுக்கொள்ளும். 300 விநாடி சத்தம் இல்லையென்றால் மறந்தும் விடும். நான் பிங் அடித்துவிட்டு வைவாவுக்குப் போய், திரும்பி வந்து காட்டினேன். டேபிளில் என் பிசிகள் இரண்டுமே இல்லை. சார் சிரித்துவிட்டு, "இன்னொரு பிங் அடிப்பா" என்றார்.