கருவாடும் தும்புத்தடியும்

எங்கள் வீட்டுக்குக் கருவாடு வந்து 7 கிழமையாகிறது. மீன் இல்லை, நாய். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ஒரு கருவாட்டுக் கடை வாசலில் படுத்துக் கிடந்த கட்டாக்காலி. தெஹிவளையில் இருக்கும் என் சிநேகிதி அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மாதம் வைத்திருந்து, விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து (அதற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது) எங்களிடம் தந்தாள். பெயரும் அவள் வைத்ததுதான். மாற்றலாம் என்று நான் யோசிப்பதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அம்மாவுக்கு நாயைவிட அந்தப் பெயர்தான் பெரிய தலையிடி. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள நிண்டு கருவாடு, கருவாடு எண்டு கத்தாதையுங்கோ, சாமியறை இருக்கு!"

வைரவருக்கு வாகனமே நாய்தானே அம்மா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். உடனே பதில் வந்தது: "வாகனத்தை ஆரும் வீட்டுக்குள்ள ஏத்துறவையே? கேற்றுக்கு வெளியிலதானே நிப்பாட்டுறது."

ஏற்கெனவே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று ஜிம்மி, 11 வயதுப் பொமரேனியன், ஒரு கண்ணில் புரை, தன்னை இன்னும் சிங்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். மற்றது பூசாரி, சாமியறை வாசலை விட்டு எழும்பாத பூனை.

முதல் நாள் நாங்கள் செய்த கூத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவருடைய அக்கா குடும்பமும் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து, கருவாட்டை ஓட்டோவில் இருந்து இறக்கி நேரே விறாந்தைக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒன்பது பேர் சுற்றி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட, ஜிம்மி குரைக்க, பூசாரி மயிரைச் சிலிர்த்துக்கொண்டு அலுமாரிக்கு மேல் பாய, 4 வயது மகன் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். கருவாடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். நாக்கால் மூக்கை நக்கினான். கொட்டாவி விட்டான். இதெல்லாம் "எனக்குப் பயமாக இருக்கிறது, விடுங்கள்" என்று நாய் சொல்லும் விதம் என்று எனக்கு அப்போது தெரியாது, பாவம் களைத்துப்போனான் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை என்றதும் அவன் உறுமினான். அம்மா "பாத்தியளே?" என்றார். நான் நாய்க்குப் பேசினேன்.

பிழை. இரவு சிநேகிதி தொலைபேசியில் எனக்குப் பேசினாள், அரை மணித்தியாலம். உறுமுவது கடைசி எச்சரிக்கை, அதற்குப் பேசிப் பேசி அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிப்பான், அப்போது என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். நல்லகாலம், கீறல்கூட இல்லை. (கடியோ கீறலோ பட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்கும் வேலை வேண்டாம், விசர்நாய் நோய் வெளியில் தெரிய ஆரம்பித்தால் அதற்குப் பிறகு செய்வதற்கு அநேகமாக ஒன்றும் இல்லை.)

சரி, திரும்பவும் முதலில் இருந்து. குசினிக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையைக் கருவாட்டுக்குக் கொடுத்தோம். மூன்று நாள் யாரும் தொடக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, சாப்பாடும் தண்ணியும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். நாய் வளர்க்கிறவர்கள் 3 நாள், 3 கிழமை, 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று கிழமை, இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். நாய்க்கு நாய் மாறும், எங்களுக்குப் பதற்றம் அடங்கவே ஐந்து நாள் ஆனது. அதிலும் நாயைவிடப் பிள்ளைகளை அந்தக் கதவுக்கு வெளியே வைத்திருப்பதுதான் பெரும் பாடு. மகள் கதவுக்குக் கீழால் கடிதம் எல்லாம் தள்ளினாள்.

இதற்கிடையில் இவருடைய பழைய சாரம் ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை ஜிம்மியின் முதுகில் தேய்த்துக் கருவாட்டின் அறையிலும், கருவாட்டின் மணம் பட்ட துண்டை ஜிம்மியின் படுக்கைப் பக்கத்திலும் போட்டோம். நாய்க்கு மூக்குத்தானே கண். ஜிம்மி முதல் நாள் அந்தத் துணியில் காலைத் தூக்கினான். மூன்றாம் நாள் அதற்கு மேல் படுத்திருந்தான். அப்புறம் சாப்பாடு, மூடின கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். சூடை மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, வெங்காயம் சேராமல். அவனுடைய மணம் வந்தால் மீனும் வரும் என்று ஜிம்மியின் மண்டையில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

முகம் பார்த்தது வீட்டில் இல்லை, கடற்கரை வீதியில், விடியப்புறம் ஐந்தரைக்கு. வீட்டுக்குள் என்றால் ஜிம்மிக்கு அது தன் எல்லை, தெருவில் யாருக்கும் பட்டா இல்லை. இவர் ஜிம்மியோடு முன்னால், நான் கருவாட்டோடு நல்ல தூரம் விட்டுப் பின்னால், நேருக்கு நேர் வராமல் ஒரே திசையில், பம்பலப்பிட்டிப் பக்கமாக நடந்தோம். கயிற்றை இழுத்துப் பிடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நாம் இறுக்கினால் அங்கே ஏதோ ஆபத்து என்று அது நினைத்துக்கொள்ளுமாம். சொல்வது சுலபம், என் கை மரத்துப்போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, நாலாம் நாள் பக்கத்தில் பக்கத்தில். பாணந்துறைப் பக்கம் இருந்து வந்த ரயிலைப் பார்த்து ஜிம்மி 11 வருடமாகக் குரைப்பதுபோல அன்றைக்கும் குரைத்தான். ரயில் சத்தத்திலேயே வளர்ந்த கருவாடு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜிம்மியின் பின்பக்கத்தை மணந்துவிட்டு ஒன்றுக்குப் போனான். விசயம் முடிந்தது.

பூசாரியிடம் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அலுமாரியில் இருந்து யன்னல் விளிம்பு வரைக்கும் நிலத்தில் கால் படாமல் போக வழி செய்து கொடுத்தோம், கருவாட்டைக் கயிற்றில் பிடித்திருந்தோம், மிச்சத்தைப் பூனை பார்த்துக்கொண்டது. பூனையை இமைக்காமல் வெறிக்கும் நாயைத்தான் நம்பக்கூடாதாம். இவன் மூக்கில் ஒரு அடி வாங்கினதில் இருந்து பூசாரி வந்தால் சுவரைப் பார்க்கிறான்.

இவ்வளவு கவனமாக எல்லாரையும் அறிமுகப்படுத்திய எனக்குத் தும்புத்தடி ஞாபகம் வரவேயில்லை.

கருவாடு அறையை விட்டு வெளியே வர ஆரம்பித்த முதல் கிழமை அது. அம்மா காலையில் வழக்கம்போலத் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். அவன் அப்படியே நிலத்தோடு நிலமாக ஒட்டி, வாலைச் சுருட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டான். கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. நான் துணி எடுக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா தும்புத்தடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஆரோ இதால போட்டு அடிச்சிருக்கினம், பிள்ளை," என்றார்.

அடுத்த நாள் தும்புத்தடி முற்றத்தின் மூலையில் படுத்திருந்தது. அம்மா தூரத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, பாண் துண்டைப் பிய்த்துப் பிய்த்துக் கருவாட்டின் பக்கம் எறிந்துகொண்டிருந்தார். அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தேத்தண்ணி குடிக்கிற சாட்டு. ஒவ்வொரு நாளும் பாண் தும்புத்தடிக்குக் கொஞ்சம் கிட்ட விழுந்தது. பயந்த நாயைப் பழக்குகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று நான் பிறகுதான் வாசித்தேன், அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீடு கூட்டுகிற வேலை, அவன் ஜிம்மியோடு நடக்கப் போயிருக்கும் நேரத்துக்கு மாறியது. இரண்டு கிழமை கழித்துப் பாண் தும்புத்தடியின் மேலேயே கிடந்தது. கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடினான், திரும்பியும் வந்தான்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் விறாந்தை முழுக்கத் தும்பு. நடுவில் கருவாடு, வாயில் தடி. ஜிம்மி பக்கத்தில் இருந்து மேற்பார்வை. அம்மா கதிரையை விட்டு எழும்பவும் இல்லை.

"நாளைக்கு வரேக்க தும்புத்தடி வாங்கிக்கொண்டு வா, பிள்ளை. ரெண்டா வாங்கு, ஒண்டு அவனுக்கு."