ஊட்டியிலிருந்து சென்னை, விமானத்தில்

இன்று காலை சேரிங் கிராஸில் ஒருவர் டாக்ஸி டிரைவரிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கோவை ஏர்போர்ட் 55 கிலோமீட்டர்தானே அண்ணா, ஒன்றரை மணி நேரம் போதாதா?"

"மூணரை வெச்சுக்கோங்க சார்."

டிரைவர் சொன்னதுதான் சரி. அந்த 55, வரைபடத்தில் கோடு இழுத்தால் வரும் தூரம். குன்னூர் வழியே, ஏர்போர்ட் இருக்கும் பீளமேட்டுக்குச் சாலையில் சுமார் 90 கி.மீ.

அதிலும் 2240 மீட்டர் உயரத்திலிருந்து மேட்டுப்பாளையத்தின் 300 சொச்சம் மீட்டருக்கு இறங்க வேண்டும். இரண்டாவது கியரில்தான் இறங்கணும். நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். வளைவில் ஏறிவரும் வண்டிக்கு நின்று வழிவிடணும். தயவுசெய்து டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள்.

சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவார்கள். பத்து கிலோமீட்டராவது கூடும்.

கோவை–சென்னை நேர்கோட்டில் சுமார் 400 கி.மீ. டிக்கெட்டில் 1 மணி 10 நிமிடம் என்றிருக்கும். வானில் இருப்பது ஏறக்குறைய 50 நிமிடம்தான், மீதி தரையில் ஊர்வதில் போகும்.

செக்-இன் கவுண்டரோ 60 நிமிடம் முன்பே மூடிவிடும்.

2 மணி விமானமா? காலை 9க்கே கிளம்புங்கள். ஞாயிறு என்றால் 8க்கு, மேட்டுப்பாளையம் ஊருக்குள்தான் வண்டி நகராது.